ஆறுதல் மாதா

நண்பர்களே, வணக்கம்.

பிரெஞ்சு ஓவியம் என்றதும் மோனேயின் அல்லிக் குளமும் தெகாவின் நாட்டியப் பெண்களும்தான் நம் கண்முன் வரும். ஆனால் அவர்கள் வாழ்ந்த காலத்தில் பாரிஸில் கொடிகட்டிப் பறந்தவர் வில்லியம் அடால்ஃப் பூகெரோ. அவர் படங்களில் மெருகு உண்டு, உயிர் இல்லை என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1825-இல் லா ரொஷெல் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா ஒயினும் ஆலிவ் எண்ணெயும் விற்ற வியாபாரி. பையனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் பாதிரியாரான சித்தப்பா. போர்தோ நகரத்து ஓவியப் பள்ளியில் சேர்ந்த காலத்தில், ஜாம் பாட்டில்களுக்கு ஒட்டும் லேபிள்களை வரைந்து காசு பார்த்தார் பூகெரோ. பாரிஸ் போகப் பணம் வேண்டுமே? சித்தப்பா தன் தேவாலயத்துப் பங்கு மக்களிடம் சொல்லி வைக்க, அவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து உருவப்படம் வரைந்து அந்தப் பணத்தைச் சேர்த்தார்.

1846-இல் பாரிஸ் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே முதலில் பென்சில், அப்புறம்தான் தூரிகை. பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைந்து வரைந்து கை பழக வேண்டும், பிறகு மனித உடல், கடைசியில்தான் வண்ணம். 1850-இல், இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் ரோம் பரிசை வென்று இத்தாலிக்குப் போய், மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேலின் படங்களைக் கண்ணாரப் பார்த்தார். கடைசிவரை அந்த ஒழுங்கை அவர் விடவில்லை. ஒரு படம் என்றால் கைக்கும் முகத்துக்கும் துணி மடிப்புக்கும் தனித்தனியாக வரைந்து பார்த்த பிறகே கான்வாஸைத் தொடுவார். தோலின் மேல் தூரிகைத் தடமே தெரியாது. தெகாவும் நண்பர்களும் கேலி செய்தது அந்த வழவழப்பைத்தான்.

பெண்களை அந்த அரசுக் கல்லூரி 1897 வரை சேர்க்கவில்லை. அவர்களுக்கும் இடம் கொடுத்த தனியார் ஓவியப் பள்ளியான ஜூலியன் அகாடமியில் பூகெரோ பாடம் நடத்தினார். பின்னாளில் நவீன ஓவியராகப் புகழ்பெற்ற மத்தீஸ்கூட இளம் வயதில் அங்கே கொஞ்ச காலம் அவரிடம் படித்தவர்தான். முதல் மனைவி இறந்த பிறகு, அமெரிக்க ஓவியர் எலிசபெத் கார்ட்னருக்கும் பூகெரோவுக்கும் திருமணம் நிச்சயமாகியும் பூகெரோவின் தாயார் சம்மதிக்கவில்லை. தாயார் இறந்த பிறகு, 1896-இல்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்போது வயது 70.

சரி, உயிர் விஷயத்துக்கு வருகிறேன். 1875-இல் மகன் ஜார்ஜ் இறந்தான். அடுத்த வருடம் பூகெரோ வரைந்த படத்தில், கறுப்பு உடுத்திய மாதா இறந்த இயேசுவை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். அழுது அழுது சிவந்த கண்கள். கீழே ஓரமாக ஒரு ஜாடி. அதில் லத்தீனில் ஜார்ஜின் நினைவைப் பொறித்து வைத்தார் தகப்பன்.

அதோடு முடியவில்லை. 1877-இல் முதல் மனைவி நெல்லி போனாள். இரண்டே மாதத்தில் கைக்குழந்தையும் போனது. ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்த மனிதர் அவர்.

அதே வருடம் வரைந்ததுதான் ‘ஆறுதல் மாதா’. மாதா இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தியிருக்கிறாள். மடியில் ஒரு தாய் துவண்டு கிடக்கிறாள். அவள் கைகளில் பிள்ளை இல்லை. அது கீழே, தரையில், உடுப்பில்லாமல் கிடக்கிறது. பக்கத்தில் சில ரோஜாப் பூக்கள். ஆறுதல் என்று பேர் வைத்திருந்தாலும், மாதாவின் கை ஒன்றுகூட அந்தத் தாயைத் தொடவில்லை. இரண்டும் மேலே கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழந்தையின் உடம்பிலும் அதே மெருகுதான், அதே வழவழப்புதான். பெற்ற பிள்ளையின் உடம்பை வேறு எப்படி வரைவார் அவர்?