துருப்பிடித்த சைலன்சர் இணைப்பு

நேயர்களுக்கு வணக்கம். காக்கி புக்கிட் பக்கம் பட்டறை வைத்திருப்பவன் நான். பழைய பிக்-அப், சின்ன லாரி, வேன் இவைதான் என் பிழைப்பு. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று நிலையத்தில் சொன்னார்கள். சைலன்சர் குழாயைப் பற்றிப் பேசுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன்.

குழாய் முழுவதையும் பற்றி அல்ல. இரண்டு குழாய்கள் சேருகிற இணைப்பு மட்டும். இரண்டு கனமான தகடுகள், நடுவில் புகை கசியாமல் அடைக்கிற ஒரு கேஸ்கட், முறுக்கிப் பிடிக்க இரண்டு மூன்று போல்ட், அவ்வளவுதான். ஃப்ளேஞ்ச் என்போம். காலையில் பேருந்துக்கு நிற்கும்போது ஒரு பழைய பிக்-அப் தடதடவென்று உங்களைக் கடந்து போயிருக்கும். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கோளாறு.

பனி பெய்யும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள், அங்கே வண்டி துருப்பிடிக்கும், சிங்கப்பூரில் ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். வண்டி விரைவுச்சாலையில் நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியே போய்விடும். ஈசூனில் ஏற்றிப் பக்கத்திலேயே இருக்கிற செம்பவாங்கில் இறக்கி, உடனே இன்ஜினை அணைத்துவிடுகிற வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெளியே நம் ஊர் மழை. துவாஸ் பக்கம் வேலை என்றால் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். இரண்டு தகடுகளுக்கு நடுவிலும் போல்ட் மரையிலும் இறங்கிய தண்ணீர் லேசில் காய்வதில்லை. ஆக, துரு உள்ளிருந்தும் வருகிறது, வெளியிலிருந்தும் வருகிறது.

நான் ஏன் இதை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்? வண்டியின் பின்தளத்தில் வேலையாட்கள் உட்கார்ந்து போகிறார்கள், அதனால்தான்.

ஒரு குத்தகைக்காரரின் வண்டி பட்டறைக்கு வந்தது. பத்து வருடம் தாண்டி, சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ், அதைப் புதுப்பித்து ஓடுகிற வண்டி. சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஓட்டிவந்த தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். சாவியைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றான். “அண்ணே, மழை பெய்து திரையை இறக்கிவிட்டால் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தலைவலி வருகிறது. வேலைக் களைப்பு என்று முதலாளி சொல்கிறார்” என்றான். வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஃப்ளேஞ்சுக்கு நேர் மேலே, தளத்தின் அடிப்பக்கம் முழுக்கக் கரி, விரலால் தொட்டால் அப்படியே ஒட்டுகிற கரி. அதற்கு ஒரு சாண் தள்ளித் தளத்தகட்டில் ஐம்பது காசு அளவுக்குத் துரு தின்ற ஓட்டை. அந்த ஓட்டைக்கு மேலேதான் பெஞ்சு.

“தம்பி, இது களைப்பு இல்லை, புகை” என்றேன். வண்டியை அன்று திருப்பி அனுப்பவில்லை. முதலாளிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். ஆட்களை ஏற்றும் லாரிகளில் மழைத்திரை 2023 முதல் கட்டாயம். நல்ல சட்டம், மழையில் நனைந்த காலம் போயிற்று. ஆனால் திரை இறங்கினால் பின்பக்கம் ஓர் அறை மாதிரிதான். அடியில் குழாய் ஒழுகினால் புகை அங்கே தங்கும். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் அது குறைவு என்பது உண்மைதான். ஆனால் டீசல் புகையே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் வகைப்படுத்திவிட்டது. புகை கடைசி முனை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வழியில் எங்கும் போகக்கூடாது.

சரி, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிற வேலைக்கு வருவோம். ஸ்பேனரை மாட்டி ஓங்கி மிதிப்பதுதான் எல்லாரும் செய்வது. போல்ட் முறியும். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். மரைக்குள் இருந்த இடைவெளி முழுதும் அடைபட்டுப்போகும். அதோடு மல்லுக்கட்டக்கூடாது, பொறுமைதான் வேண்டும்.

முதலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள், திரும்பவும் சொல்கிறேன், ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குழாய் ஆறட்டும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, முடிந்தால் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு தடவை அடியுங்கள். ஆறு பக்கம் பிடிக்கிற சாக்கெட்டைப் போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். கழற்றுவதற்கு முன் ஒரு நூலளவு இறுக்குங்கள். ஆமாம், இறுக்குங்கள். துருவின் பிடி விடுகிற அந்தச் சின்ன ‘டிக்’ சத்தம் காதில் விழும். அப்புறம் கழற்றுங்கள். கால் சுற்று வந்ததும் அரைக்கால் சுற்று திரும்ப உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. இப்படி முன்னும் பின்னுமாக வந்தால் பொடிந்த துரு மரையில் சிக்காது.

அதற்கும் மசியாவிட்டால் சூடுதான். எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரியும், துருவின் பிடி உடையும். சூடு கொஞ்சம் தணிந்ததும் சாதாரண மெழுகுவத்தியை மரையில் தொட்டுப் பாருங்கள். உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனப் பெரியவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு மெழுகு வைத்திருப்பார். என் பட்டறைப் பிள்ளைகளுக்கு அதை இன்றும் நான் காட்டிக்கொடுக்கிறேன். ஆனால் டீசல் தொட்டியும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே ஓடும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் நெருப்பைத் தொடக்கூடாது. இது பட்டறை வேலை, புளோக் கீழே கார்ப்பேட்டையில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

போல்ட் முறிந்தே போனாலும் கவலை வேண்டாம். முறிந்ததைத் துளைத்து எடுத்துவிட்டு புது போல்ட், நட்டு போட்டுக்கொள்ளலாம். தகடே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் இரண்டு பாதியாக வரும் ஃப்ளேஞ்ச் கிடைக்கிறது. குழாயின் விரிந்த விளிம்பு நன்றாக இருந்தால் அதைப் பின்னாலிருந்து மாட்டலாம். விளிம்பும் போயிருந்தால் வெட்டிவிட்டு வெல்டிங்தான், முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு. பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடவே கூடாது. திரும்ப மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

பத்து வருடம் தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முதல்நாள் ஒழுகுகிற இடத்தில் தகரத்தைச் சுற்றி, ஓட்டை அடைக்கும் பசை பூசி அனுப்பச் சொல்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. அந்தப் பசை சூட்டிலும் அதிர்விலும் வெடித்துவிடும், ஆட்கள் மறுபடி அதன் மேல்தான் உட்கார்வார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கிளாம்ப் வகைகளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இணைப்பு திரும்பத் திரும்ப உடைந்தால் குழாயைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள், இன்ஜினைத் தாங்கும் மவுண்டையும் பாருங்கள். அவை தொய்ந்திருந்தால் பாரம் முழுவதும் அந்த இணைப்பில்தான் விழும், எத்தனை புது போல்ட் போட்டாலும் நிற்காது. ரப்பர் விலை மிகக் குறைவு. நன்றி, வணக்கம்.