வாடகைப் பட்டியலில் இல்லாத பெயர்

(நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "ஸ்காட்லாந்து போய்வந்தீர்களே, கோட்டை, ஏரி எல்லாம் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். கோட்டை பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்குக் கோட்டையைவிடப் பதிவேட்டின் மேல்தான் கண் போகும். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன், குழந்தை தூங்கும் நேரத்தில் பதிவேடு பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கிளாஸ்கோவில் கவன் என்று ஒரு பகுதி. க்ளைட் ஆற்றங்கரை. ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடம். சுரங்க ரயிலை விட்டு மேலே ஏறி வந்தால் பக்கத்திலேயே ஒரு வெண்கலச் சிலை. முன்னால் ஒரு பெண் நடந்து வருகிறார், பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. பெயர் மேரி பார்பர். 1915இல் வீட்டு வாடகையை ஏற்றியபோது, "கட்ட மாட்டோம்" என்று தெருத்தெருவாகப் பெண்களைத் திரட்டியவர். சிலையை 2018 மார்ச் 8 அன்று திறந்தார்கள். அதாவது அவர் இறந்து அறுபது வருடம் கழித்து.

இந்த அம்மாள் சுயசரிதை எழுதவில்லை. அரசியலில் இருந்த ஆண்கள் ஆளுக்கொரு புத்தகம் எழுதிவிட்டார்கள், அதில் இவர் ஒரு பத்தியிலோ ஒரு வரியிலோ வந்து போகிறார். அப்படியானால் இவர் வாழ்க்கையை எங்கே தேடுவது? நம் தாத்தா பாட்டியை எங்கே தேடுவோமோ அங்கேதான். பிறப்பு, திருமணம், இறப்பு, சென்சஸ் என்கிற குடிக்கணக்கு, வீட்டு வரி.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்கியது. அதற்கு முன்னால் சர்ச் ஏடுகள்தான். தொழில்காரியாகச் சொல்கிறேன், அந்தப் படிவத்தை வகுத்தவர் எவரோ, கெட்டிக்காரர். பிறந்த தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். தாயின் பெயர் மட்டும் போதாது, கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் வேண்டும். முதல் வருடம் இன்னும் பேராசை. பெற்றோரின் வயது, பிறந்த ஊர், குழந்தைக்கு முன் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்பது வரை கேட்டார்கள். எழுதிய குமாஸ்தாக்களுக்குக் கை ஒடிந்திருக்கும், 1856இல் குறைத்துக்கொண்டார்கள். 1855இல் ஒரு பதிவு கிடைத்தால் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு லாட்டரி விழுந்த மாதிரி.

நம் மேரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் பிறந்தது 1875 பிப்ரவரியில், கில்பார்கன் என்ற நெசவாளர் கிராமத்தில். அப்பா ஜேம்ஸ் ரஃப், கம்பள நெசவாளி. அம்மா ஜேன் கேவின். ஏழு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. கவனியுங்கள், அம்மாவின் பெயர் ஜேன் ரஃப் என்று முடிந்துவிடவில்லை, 'கேவின்' கூடவே வருகிறது. அந்த ஒரு சொல் போதும், அடுத்த தலைமுறைக் கதவு திறந்துவிடும். ஸ்காட்லாந்து வழக்கில் பெண் கல்யாணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பதிவின் அகரவரிசையில் இரண்டு பெயரிலும் தேடலாம். கல்லறைக் கல்லில்கூடப் பிறந்த வீட்டுப் பெயரையே வெட்டியிருப்பார்கள். ஏழைப் பெண்ணைத் தேட இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் கிடையாது.

1887இல் குடும்பம் எல்டர்ஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. அது பெய்ஸ்லிக்குப் பக்கத்து ஊர். நாம் மாங்காய் டிசைன் என்கிறோமே, அதற்கு ஆங்கிலக்காரர் வைத்த பெயர் பெய்ஸ்லி. காஷ்மீர் சால்வையைப் பார்த்து அந்த ஊரில் நெய்துதள்ளியதால் வந்த பெயர். மதுரா கோட்ஸ் நூலில் வருகிற கோட்ஸும் பெய்ஸ்லி ஆலைக்காரர்கள்தான். மதுரைப்பக்கம் ஒரு குடும்பம் ஆலைச் சங்கு கேட்டு எழுந்த மாதிரிதான் அங்கேயும். மேரி பள்ளியை விட்டதும் நூல் முறுக்கும் வேலைக்குப் போனார், பிறகு கம்பளத்துக்குச் சாயம் அச்சிடும் வேலை. 1891 குடிக்கணக்கு எடுத்தபோது அவருக்கு வயது 16.

1896இல் டேவிட் பார்பர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். கப்பல் தளத்தில் பொறிவேலை செய்தவர். ஸ்காட்லாந்துத் திருமணப் பதிவு ஒரு பக்கத்துக்குள் இரண்டு குடும்பத்தையும் அடக்கிவிடும். மாப்பிள்ளை தொழில், பெண்ணின் தொழில், முகவரி, இரு பக்கத்து அப்பா அம்மா, அம்மாக்களின் பழைய குடும்பப் பெயர். பெண்ணின் தொழிலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அதை எழுத மாட்டார்கள். கல்யாணமான அடுத்த குடிக்கணக்கில் மனைவிக்கு எதிரே தொழில் கட்டம் பெரும்பாலும் காலி. துவைத்தது, சமைத்தது, வாடகைக்குப் பணம் புரட்டியது எதுவும் தொழில் இல்லை.

அடுத்த பதிவு துக்கமானது. முதல் பையன் டேவிட், 1897இல் கைக்குழந்தையாகவே மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பின் ஜேம்ஸ், வில்லியம் என்று இரண்டு பையன்கள். ஜேம்ஸ் என்பது மேரியின் அப்பா பெயர். அந்த ஊர் வழக்கப்படி முதல் பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், முதல் பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். பேரன் என்றாலே பெயரன்தானே, இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எல்லாக் குடும்பமும் பின்பற்றவில்லை என்றாலும், பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு தலைமுறை முன்னால் யார் இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், பதிவு பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

1911 குடிக்கணக்கில் கல்யாணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம். மேரியின் இரண்டு கட்டத்திலும் ஒரே எண் வந்திருக்க முடியாது. அந்தத் தெருக்களின் பக்கங்களைப் புரட்டினால் ஒன்பது, ஐந்து என்கிற மாதிரி வரும். பதினொன்று, ஆறு என்றும் வரும். கேள்வி கேட்டவர் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டியிருப்பார். நான் அன்றைக்கு அதோடு மடிக்கணினியை மூடிவிட்டுப் பேரனைப் போய்ப் பார்த்தேன்.

பின்னாளில் மேரி நகரசபையில் குழந்தைகளுக்கு இலவசப் பால், தாய்சேய் நல நிலையம் என்று விடாமல் கேட்டதற்கு இந்த 1897தான் காரணம் என்று எழுதிவிடலாம். எழுதவும் செய்கிறார்கள். நான் எழுத மாட்டேன். பதிவேடு அதைச் சொல்லவில்லை.

சரி, வாடகைக்கு வருகிறேன். பார்பர் குடும்பம் கவனில் ஹட்டன் டிரைவ் என்ற தெருவில் இருந்தது. கவன் 1912 வரை தனி நகராட்சி, அதற்குப் பிறகுதான் கிளாஸ்கோவோடு சேர்ந்தது. இது தெரியாமல் 1901 கணக்கைக் கிளாஸ்கோவில் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இணையத்தில் ஒரு பக்கம் திறக்க அப்போது ஒன்றரைப் பவுண்டு. மருமகன் கார்டில் நான் எத்தனை ஒன்றரைப் பவுண்டு தேய்த்தேன் என்பது இந்த அவைக்குள்ளேயே இருக்கட்டும்.

அங்கே தொழிலாளர் வீடு என்றால் டெனமென்ட். மூன்று நான்கு மாடிக் கற்கட்டடம், நடுவில் ஒரு பொது வாசலும் படிக்கட்டும். அந்த வாசலை 'க்ளோஸ்' என்கிறார்கள். பல குடும்பங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கழிப்பறை படிக்கட்டுத் திருப்பத்தில், பல குடும்பங்களுக்குப் பொது. பின்முற்றத்தில் துவைக்கும் கொட்டகை, அதற்கு முறை உண்டு. வாடகை வசூலிக்க வருபவர் வீட்டுக்காரரின் ஏஜென்ட், 'ஃபாக்டர்' என்று பெயர். முதல் உலகப் போர் வந்ததும் குண்டும் கப்பலும் செய்ய ஊரெங்கிலுமிருந்து ஆள் வந்து குவிந்தார்கள். வீடு தட்டுப்பாடு. பல வீடுகளில் புருஷன் போர்முனையில். அந்த நேரம் பார்த்து வாடகையை ஏற்றினார்கள், சில இடங்களில் கால் பங்கு வரை.

பெண்கள் பழைய வாடகையைக் கட்டினார்கள், ஏற்றியதைக் கட்டவில்லை. "நாங்கள் காலி செய்ய மாட்டோம்" என்று ஜன்னல்தோறும் அட்டை. காலிசெய்ய வைக்கக் கோர்ட் அமீனா வருவார் அல்லவா, அதற்கு ஒரு ஏற்பாடு. முறைபோட்டு ஒரு பெண் க்ளோஸ் வாசலில் மணியோடு உட்கார்ந்திருப்பார். அமீனா தலை தெரிந்ததும் மணி. அடுப்பில் இருந்தது அடுப்பிலேயே இருக்க, எல்லா மாடியிலிருந்தும் பெண்கள் இறங்கிவிடுவார்கள். மாவுப் பொட்டலம், ஈரத்துணி, கையில் எது இருந்ததோ அது பறக்கும். மாவு அப்பிய முகத்தோடு அரசாங்க ஆணையை வாசிப்பது கஷ்டம்.

ஒரு சம்பவத்தை ஹெலன் கிராஃபர்ட் என்ற தோழர் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு ஃபாக்டர் "மற்றவர்கள் கட்டிவிட்டார்கள்" என்று பொய் சொல்லிப் பெண்களிடம் கூடுதல் வாடகையை வாங்கிவிட்டார். மேரி கப்பல் தளத்து ஆண்களைக் கூட்டிவந்து அவர் அலுவலகத் தெருவில் நிறுத்தினார். பிறகு ஏமாந்த பெண்ணோடு மேலே போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஃபாக்டர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். கரி படிந்த முகங்களாக ஆயிரக்கணக்கில். பணம் திரும்பி வந்துவிட்டது.

1915 நவம்பரில் இப்படி வாடகைப் போராட்டத்தில் இருந்த குடும்பங்கள் ஏறக்குறைய 20,000. 17ஆம் தேதி 18 பேர் மீது வழக்கு. கப்பல் தளத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பெண்களோடு நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். வழக்கைக் கைவிட்டார்கள். டிசம்பரிலேயே சட்டம் வந்தது, வாடகை 1914 ஆகஸ்ட் அளவோடு நின்றது. கிளாஸ்கோவுக்கு மட்டும் அல்ல, பிரிட்டன் முழுக்க.

இப்போது பதிவேட்டுக்காரியாக ஒரு விஷயம். அங்கே வீட்டு மதிப்பீட்டுப் பட்டியல் என்று வருடந்தோறும் ஒன்று போட்டார்கள், அதுவும் 1855 முதல். நம் வில்லங்கச் சான்று பார்க்கிற கண்ணுக்கு அது விருந்து. வீடு எது, சொந்தக்காரர் யார், குடியிருப்பவர் யார், அவர் தொழில் என்ன, வருட வாடகை எவ்வளவு, எல்லாம் உண்டு. 1915க்கும் பட்டியல் இருக்கிறது. ஆனால் குடியிருப்பவர் என்ற கட்டத்தில் வழக்கப்படி கணவன் பெயர்தான். பெண் பெயர் வர வேண்டுமென்றால் விதவையாகவோ கல்யாணமாகாமலோ தனியாகக் குடியிருக்க வேண்டும். பிரிட்டன் முழுக்க வாடகையை ஏறாமல் நிறுத்திவைத்த பெண்ணை வாடகைப் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார். புருஷன் பெயருக்குப் பின்னால் நிற்கிறார்.

அவர் தன் பெயரிலேயே வெளியே வருவது வாக்காளர் பட்டியலில். 1918இல் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு, சில நிபந்தனைகளோடு, நாடாளுமன்ற வாக்கு கிடைத்தது. மேரிக்கு அப்போது வயது 43. இரண்டே வருடத்தில், 1920இல், ஃபேர்ஃபீல்ட் வார்டு கவுன்சிலர். 1926இல் கிளாஸ்கோவின் முதல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையத்தைக் கவனில் திறக்க முன்னால் நின்றார். ஒன்பது, ஐந்து என்று எழுதிய பெண்கள் இருந்த அதே ஊர். 1958 ஏப்ரலில், 83 வயதில் இறந்தார்.

சரி, சிலை இல்லாதவர்களை எப்படித் தேடுவது என்று கேட்பீர்கள். அவர்களுக்கு வேறு இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று, சர்ச் பெரியவர்கள் கூட்டிய சபையின் குறிப்பேடு. கல்யாணமாகாமல் கர்ப்பமான வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவைத்து, அப்பன் யார் என்று கேட்டு எழுதியிருப்பார்கள். படிக்க எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் என்ன பதில் சொன்னார் என்பது வேறெங்கும் கிடைக்காது. இன்னொன்று ஏழை நிவாரண மனு. 1845க்குப் பின் வந்தவை. கிளாஸ்கோ மனுக்கள் மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன, லட்சக்கணக்கில். புருஷன் ஓடிப்போனானா, எந்தெந்தத் தெருவில் இருந்தார், பிள்ளைகளின் வயது, உடம்புக்கு என்ன என்று ஆய்வாளர் துருவித் துருவி எழுதியிருப்பார். வசதியாக இருந்தவர்களைப் பற்றி இவ்வளவு தெரியாது. கை நீட்டியவர்கள் வாழ்க்கைதான் விவரமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1915 புகைப்படங்கள் சில இருக்கின்றன. அட்டை பிடித்த குழந்தைகள், தலையில் தொப்பி வைத்த பெண்கள், பின்னால் கல் சுவர். பெரும்பாலானவர்களுக்குப் பெயர் இல்லை. நான் ஒரு வேலை ஆரம்பித்தேன். ஹட்டன் டிரைவில் ஒரே ஒரு க்ளோஸை எடுத்துக்கொண்டேன். 1915 மதிப்பீட்டுப் பட்டியலில் குடியிருந்த ஆண்கள் பெயர். அதே ஆட்களை 1911, 1921 கணக்கில் பிடித்தால் மனைவி பெயர். அங்கிருந்து திருமணப் பதிவு, அங்கிருந்து அவர் எந்த ஆலையில் என்ன வேலை பார்த்தார் என்பது. மணியோடு வாசலில் உட்கார்ந்தவர் இவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது மாடி வரை வந்திருந்தேன். அதற்குள் விசா முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடியை மகளிடம் ஒப்படைத்திருக்கிறேன், குழந்தை தூங்கும்போது பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.