முப்பது வயதில் எழுதப்படும் பத்தாண்டு ஒப்பந்தம்

அவைத்தலைவர் அவர்களே, விளையாட்டை நேசிக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2011 டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்ற பேஸ்பால் மட்டையாளருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கும் இடையே பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. தொகை 24 கோடி டாலர். அடுத்த மாதம் அவருக்கு 32 வயது நிறைவடைய இருந்தது. முப்பதைத் தாண்டிய நட்சத்திரங்களுக்கு அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகின் அணிகள் இத்தகைய நீண்ட ஒப்பந்தங்களை ஏன் எழுதித் தருகின்றன, அதனால் வரும் இழப்பு உண்மையில் யார்மீது விழுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பூஹோல்ஸின் ஒப்பந்தத்தை நடுவில் வைத்துப் பேசுவதற்குக் காரணம், அது முழுவதும் நடந்து முடிந்துவிட்டது என்பதே. ஆண்டுவாரியாகக் கணக்குப் பார்க்க அது இடம் தருகிறது.

முதலில் ஏஞ்சல்ஸ் அணிக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர்கள் வாங்கியது சாதாரண ஆட்டக்காரரை அல்ல. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 2001இல் ஆடத் தொடங்கிய பூஹோல்ஸ், தம் முதல் பத்துப் பருவங்களில் ஒவ்வொன்றிலும் .300க்குக் குறையாத மட்டைச் சராசரியும் (பத்து வாய்ப்புகளில் மூன்று வெற்றி அடிகள்), வேலியைத் தாண்டும் அடிகளான ஹோம் ரன்கள் குறைந்தது 30உம், தம் அடியால் குறைந்தது 100 ஓட்டங்களும் சேர்த்தவர். பதினோராவது பருவத்தில்தான் அந்த வரிசை அறுபட்டது; அப்போதும் சராசரி .299, சேர்த்த ஓட்டங்கள் 99. மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இரண்டு முறை உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டியில் வெற்றி, 445 ஹோம் ரன்கள் ஆகிய பெருமைகளோடு அவர் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். அந்த நாளில் அந்த மனிதரை வாங்க விரும்பியதை அறியாமை என்று சொல்வது பின்னால் இருந்து பேசுபவர்களின் வசதி.

ஆனால் ஒப்பந்தத்தின் ஊதிய அட்டவணையைப் பாருங்கள். 2012இல் 1 கோடியே 20 லட்சம் டாலர், 2013இல் 1 கோடியே 60 லட்சம், 2014இல் 2 கோடியே 30 லட்சம். அதன்பின் ஆண்டுக்குப் பத்து லட்சம் வீதம் ஏறி, அவருக்கு 41 வயதாகும் 2021இல் 3 கோடி. உடல் இறங்கும் திசைக்கு நேர் எதிராக ஊதியம் ஏறிக்கொண்டே போகிறது. பேஸ்பால் ஒப்பந்தத்தின் தொகை உறுதியளிக்கப்பட்டது. ஆட்டம் சரிந்தாலும், காயம் பட்டு வீட்டில் இருந்தாலும், அணியே அவரை வெளியே அனுப்பினாலும், எழுதிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். கார்டினல்ஸில் அந்தப் பதினோரு பருவங்களிலும் சேர்த்து .328 ஆக இருந்த பூஹோல்ஸின் சராசரி, ஏஞ்சல்ஸில் இருந்த காலம் முழுவதற்கும் .256 ஆக இறங்கியது. 2013இல் பாதத்தின் அடித்தசைநார் கிழிந்து, ஜூலையோடு அவருடைய பருவம் முடிந்தது.

உடல் இறங்குவதில் மர்மம் எதுவும் இல்லை. பந்தை வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து மட்டையாளர் அருகில் தரையில் உள்ள தட்டுக்கு உள்ள தூரம் 18.44 மீட்டர், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடிதான் எடுக்கிறது. அந்தக் கால அளவுக்குள் கண் பந்தை அடையாளம் காண வேண்டும், அடிப்பதா விடுவதா என்று மனம் முடிவெடுக்க வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும். இதில் நூறில் ஒரு பங்கு நொடி தாமதித்தாலும் போதும். வேலியைத் தாண்ட வேண்டிய பந்து வெளிக்களத்தில் நிற்பவரின் கையுறைக்குள் போய்விடும். மட்டையாளர்களின் உச்சம் 27 வயதை ஒட்டியே அமைகிறது என்று பேஸ்பால் புள்ளியியல் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே அணி நிர்வாகங்கள் தெரியாமல் செய்கின்றன என்று யாரும் வாதிட முடியாது.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடை ஆட்டக்களத்தில் இல்லை. தொழிலாளர் வரலாற்றில் இருக்கிறது. ஒருகாலத்தில் ஆட்டக்காரர் ஓர் அணியில் சேர்ந்தால் அந்த அணி விடுவிக்கும்வரை அதற்கே சொந்தம் என்ற ஷரத்து பேஸ்பாலில் நிலவியது. கர்ட் ஃப்ளட் அதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றார். 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இரு பிட்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்புதான் அந்தப் பிடியை உடைத்தது. அதன்பின் அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி முடித்த ஏற்பாட்டின்படி, மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடித்தவரே தம் விலையைத் திறந்த சந்தையில் கேட்கலாம். 23, 24 வயதில் மேலே வருபவர் அந்த ஆறு ஆண்டுகளை முடிக்கும்போது முப்பதைத் தொட்டுவிடுகிறார். அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகள் ஏற்கெனவே மலிவாக விற்றுப்போயிருக்கின்றன. இளமையில் உழைத்த உழைப்புக்குக் கிடைக்காமல்போன கூலியை இனிமேல் வரும் ஆண்டுகளின் பெயரில் அவர் கேட்கிறார். அதைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்றே நான் கருதுகிறேன். கோளாறு என்னவென்றால், அந்தக் கூலியைத் தருவது பெரும்பாலும் உழைப்பைப் பெற்ற அணி அல்ல, வேறோர் அணி.

ஏஞ்சல்ஸ் அணியிலேயே இது கண்கூடாகத் தெரிந்தது. 2013இல் ஜூலையோடு பருவத்தை முடித்துக்கொண்ட பூஹோல்ஸுக்கு ஊதியம் 1 கோடியே 60 லட்சம் டாலர். அதே ஆண்டு, முந்தைய பருவத்தில் சிறந்த புதுமுக விருதை வென்றிருந்த மைக் ட்ரவுட்டுக்கு அதே அணி கொடுத்தது 5 லட்சத்து 10 ஆயிரம் டாலர். லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு அன்று வயது 21. இந்த ட்ரவுட் ஏஞ்சல்ஸுக்கு எப்படிக் கிடைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மார்க் டெய்ஷேரா என்ற நட்சத்திரம் ஏஞ்சல்ஸை விட்டு நீண்ட ஒப்பந்தம் பெற்று நியூயார்க் யாங்கீஸுக்குப் போனபோது, அதற்கு ஈடாகக் கிடைத்த, புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பில் 2009இல் 25ஆவதாக எடுக்கப்பட்டவர் அவர். அதேபோல் பூஹோல்ஸ் போனதற்கு ஈடாகக் கார்டினல்ஸ் பெற்ற வாய்ப்பில் 2012இல் மைக்கேல் வாக்கா வந்தார். அடுத்த ஆண்டே அவர் பிட்சராக அந்த அணியை உலகத் தொடருக்குக் கொண்டுசென்றார். நட்சத்திரத்தைப் போகவிட்ட அணிக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இனி என் மையக் கருத்துக்கு வருகிறேன். இத்தகைய ஒப்பந்தங்களில் பணத்தைவிடப் பெரிய இழப்பு, மட்டை வரிசையில் அந்த ஆட்டக்காரர் பிடித்திருக்கும் இடம். பணம் கையெழுத்திட்ட நாளிலேயே போய்விட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆனால் இவ்வளவு கொடுத்திருக்கிறோமே என்பதற்காகவே அவரை நான்காவது இடத்தில் நாள்தோறும் ஆட வைக்கிறார்களே, அந்த இழப்பு ஒவ்வொரு மாலையும் புதிதாக நடக்கிறது. 2017இல் பூஹோல்ஸ் தம் அடியால் 101 ஓட்டங்களைச் சேர்த்தார். பார்ப்பவர்கள் பழைய பூஹோல்ஸ் திரும்பிவிட்டார் என்று எண்ணலாம். ஆனால் அந்த ஆண்டு அவர் ஆட்டமிழக்காமல் தளத்தை (ஓட்டம் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நிலைகளில் ஒன்றை) அடைந்த விகிதம் .286 மட்டுமே. ட்ரவுட் போன்றவர்கள் அவருக்கு முன்னால் ஆடித் தளங்களில் நின்றிருந்ததால்தான் அத்தனை ஓட்டங்கள் வந்தன. அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சோதித்துப் பார்க்கும் துணிவு அணிக்கு இல்லை. அந்தப் பருவத்தில் ஏஞ்சல்ஸ் 80 ஆட்டங்களில் வென்று 82இல் தோற்றது.

2018இல் பந்து வீச்சு, மட்டை இரண்டிலும் ஆடும் ஷோஹெய் ஓடானி வந்தார். அவர் பந்து வீசாத நாள்களில், களத்தில் நின்று தடுக்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. வயதான கால்களுக்கு ஓய்வு தரும் அந்த இடத்தில்தான் அதுவரை பூஹோல்ஸ் பெரும்பாலும் ஆடிவந்தார். 38 வயதில் அவர் மீண்டும் அடிக்கடி முதல் தளத்தைக் காக்கப் போக வேண்டியதாயிற்று. 2021 மே மாதம், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், அவரை அணி வெளியே அனுப்பியது. பூஹோல்ஸ் இருந்த அந்தக் காலம் முழுவதிலும் ஏஞ்சல்ஸ் பிளே ஆஃப் சுற்றை எட்டியது ஒரே ஒருமுறை. 2014இல் கேன்சஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டங்களையும் தோற்றுத் திரும்பியது.

அதன்பின் நடந்ததை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 2022இல் 42 வயதில், 25 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் அவர் கார்டினல்ஸுக்கே திரும்பினார். நாள்தோறும் அல்லாமல், பெரிதும் இடக்கைப் பிட்சர்களுக்கு எதிராக மட்டுமே அவரை இறக்கினார்கள். 24 ஹோம் ரன்கள் அடித்தார். 700ஐத் தாண்டி 703இல் ஓய்வு பெற்றார். அவருக்குள் ஆட்டம் தீர்ந்துபோயிருக்கவில்லை. நாள்தோறும் ஆடியே தீர வேண்டும் என்று அவரையும் அணியையும் சேர்த்துக் கட்டிப்போட்டது அந்த 24 கோடிதான்.

டெட்ராய்ட் டைகர்ஸின் கதை இன்னும் வேதனையானது. மிகேல் கப்ரேரா 2012இல் மும்மகுடம் வென்றவர்; அதாவது ஒரே பருவத்தில் மட்டைச் சராசரி, ஹோம் ரன்கள், சேர்த்த ஓட்டங்கள் மூன்றிலும் தம் லீகில் முதலிடம் பெற்றவர். 45 ஆண்டுகளாக யாரும் எட்டாத உயரம் அது. அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தபோதே, 2014 மார்ச்சில், 2016 முதல் 2023 வரைக்குமாக 24 கோடியே 80 லட்சம் டாலரைக் கூடுதலாக எழுதினார்கள். காத்திருந்து பார்க்க இரண்டு முழு ஆண்டுகள் இருந்தன. அவசரப்பட யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 2016இல் 38 ஹோம் ரன்கள் அடித்த அவர், அடுத்த ஏழு பருவங்களிலும் சேர்த்து 65 மட்டுமே அடித்தார். அந்த எட்டு ஆண்டுகளில் டைகர்ஸ் ஒருமுறைகூட பிளே ஆஃப் போகவில்லை. 2019இல் 114 ஆட்டங்களில் தோற்றார்கள். ஆயினும் 2022 ஏப்ரலில் அவர் தம் மூவாயிரமாவது ஹிட்டை, அதாவது வெற்றி அடியை, அடித்தபோது அந்த ஊர் மக்கள் எழுந்து நின்று மகிழ்ந்த மகிழ்ச்சி உண்மையானது. அதற்கும் ஒரு விலை உண்டு. அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

பிட்சர்களின் விஷயத்தில் இடர் இன்னும் திடீரென்று வரும். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரின் நாயகன்; அந்த டிசம்பரிலேயே வாஷிங்டன் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் எழுதியது. அதன்பின் அவரால் வீச முடிந்தது எட்டே ஆட்டங்கள். ஆனால் இதே வாஷிங்டன் அணி 2015இல் 30 வயதான மேக்ஸ் ஷெர்சருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 21 கோடி கொடுத்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் இரண்டையும் ஓர் உலகத் தொடரையும் கண்டது. ஒரே அணி, ஒரே அளவு நீளம், இரண்டு முடிவுகள். எந்தத் தோள் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடியவர் எவரும் இல்லை. அதனால்தான் இதை இடர் என்கிறோம்.

அண்மையில் ஒப்பந்தங்கள் இன்னும் நீண்டுகொண்டே போவதற்கு வரிக் கணக்கு ஒரு காரணம். ஓர் அணியின் மொத்த ஊதியம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அபராத வரி உண்டு. அந்தக் கணக்கில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியையே எடுத்துக்கொள்கிறார்கள். 2022 டிசம்பரில் சான் டியேகோ அணி 30 வயதான சாண்டர் போகார்ட்ஸுக்கு 28 கோடியைப் பதினோரு ஆண்டுகளுக்குப் பரப்பியது. சராசரி ஏறத்தாழ 2 கோடியே 55 லட்சம். அதே தொகையை ஏழு ஆண்டுகளுக்கு எழுதியிருந்தால் 4 கோடியாக நின்றிருக்கும். கடைசி ஆண்டுகளில் அவர் எப்படி ஆடுவார் என்பதைவிட, இன்றைய வரி எவ்வளவு குறையும் என்பதே அந்த நீளத்தைத் தீர்மானித்திருக்கிறது. அந்த ஆண்டுகள் வரும்போது இன்று கையெழுத்திட்ட மேலாளர்களில் எத்தனை பேர் அதே பதவியில் இருப்பார்கள்? மரத்தை நட்டவர் வேறு, பழுக்காத கிளையின் கீழ் நிற்கப்போகிறவர் வேறு.

இதற்கு மருந்தாக ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பு கட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அது அணி முதலாளிகளின் பையை மட்டும் காக்கும். தேவைப்படுவது, 22 வயதில் ஒருவர் செய்யும் வேலைக்கு 22 வயதிலேயே கூலி கொடுப்பது. 99 நாள் கதவடைப்புக்குப் பின் 2022 மார்ச்சில் எட்டிய உடன்பாட்டில் இதற்கு ஒரு சிறு தொடக்கம் இருந்தது. குறைந்தபட்ச ஊதியம் 7 லட்சம் டாலராக உயர்ந்தது. இன்னும் ஊதியத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் போகும் தகுதி பெறாத இளைஞர்களுக்கென்று ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஊக்கத்தொகை நிதி ஒதுக்கப்பட்டது. முப்பது அணிகளுக்கும் சேர்த்து 5 கோடி என்பது பூஹோல்ஸ் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய கடைசி இரண்டு ஆண்டு ஊதியத்தைவிடக் குறைவு. அந்த உடன்பாட்டின் காலம் 2026 டிசம்பர் 1 வரை. அடுத்ததை எழுதும் மேசையில் அந்த நிதியைப் பல மடங்காக்க வேண்டும் என்றும், திறந்த சந்தைக்கான ஆறு ஆண்டுக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்றும் ஆட்டக்காரர் சங்கம் உறுதியாக நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஏனெனில் 27 வயதில் சந்தைக்கு வருபவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமே போதுமானதாக இருக்கும். நன்றி, வணக்கம்.