ஆபீசுக்கு வரச் சொல்வது எதற்கு? ஹைபிரிட் சண்டையின் உள்கணக்கு

[காட்சி: சோழிங்கநல்லூர் சிக்னல், காலை 8.50. சாலை நடுவே மெட்ரோ தூண்கள்.]

வணக்கம். இந்த சிக்னலில் நிற்கும் கேப்களுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மடியில் லேப்டாப், காதில் ஹெட்செட். காலை மீட்டிங் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆபீஸ் வாசலில் பாக்கி இருப்பது கார்டைத் தேய்ப்பது மட்டும்தான்.

என் நண்பர் ஒருவர் தாம்பரத்திலிருந்து சிறுசேரி பக்கம் போய் வருகிறார். அவர் டீமில் 9 பேர். புனேயில் 4, ஹைதராபாத்தில் 3, கொச்சியில் ஒருவர். சென்னையில் இவர் மட்டும். மீட்டிங் ரூம் கிடைக்காத நாட்களில் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டு மற்ற எட்டுப் பேருடன் பேசுகிறார். "டீமோட கலந்து வேலை செய்யணும்னுதான் வரச் சொல்றாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் என்றால் 15 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு நாள் வேலை நேரம் ரோட்டில் போகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஹைபிரிட், அதாவது சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்ற முறை பற்றிய இந்தச் சண்டை முழுவதும் அந்த 15 மணி நேரம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பற்றியதுதான் என்பது என் கருத்து. அலுவலகம் என்றால் அது தொழிலாளி கணக்கில் போகும், வீடு என்றால் அவருக்கே மிஞ்சும்.

[திரையில்: 25/25]

கொஞ்சம் பின்னால் போவோம். 2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். டிசிஎஸ் என்ற ஐடி நிறுவனத்தில் அப்போது ஏறக்குறைய 4.5 லட்சம் பேர். 2025-க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 25/25 என்ற திட்டத்தை அறிவித்தார்கள். இனி சொந்த ஊரில் இருந்தே வேலை பார்க்கலாம் என்று நம்பிப் பலர் சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்தார்கள்.

2023 அக்டோபரில் அதே நிறுவனம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வாருங்கள் என்றது. அடுத்த ஆண்டு வருகையையும் பணத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. இந்த முடிச்சை நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் முதலாளி தரப்பின் மனநிலை இதில்தான் அப்பட்டமாகத் தெரிகிறது.

[திரையில்: நான்கு படிகள் கொண்ட ஏணி.]

காலாண்டு வருகை 85 சதவீதத்தைத் தாண்டினால் முழு வேரியபிள் பே, அதாவது சம்பளத்தில் கூடவோ குறையவோ செய்யும் பகுதி, கிடைக்கத் தகுதி உண்டு. 75 முதல் 85 வரை என்றால் முக்கால் பங்கு. 60 முதல் 75 வரை என்றால் பாதி. 60-க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. காலாண்டில் 66 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 நாள் வந்தவருக்குப் பாதி, 39 நாள் வந்தவருக்கு பூஜ்யம். அந்த ஒரு நாளில் அவர் எழுதிய புரோகிராம் நன்றாக இருந்ததா, கிளையன்ட் திருப்தியா என்பதெல்லாம் இந்த ஏணியில் வராது. மெஷினுக்குத் தெரிந்தது ஸ்வைப் மட்டும்.

இங்கே மற்ற பெரிய ஐடி நிறுவனங்கள் இவ்வளவு தூரம் போகவில்லை. 2023 நவம்பரில் விப்ரோ வாரம் மூன்று நாள் என்றது, இன்ஃபோசிஸ் குறிப்பிட்ட நிலைக்குக் கீழே உள்ளவர்களை மாதம் 10 நாள் வரச் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் அமேசான் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாளுக்குத் திரும்பியது.

சரி, 2021-இல் "வீட்டிலேயே இருங்கள், சூப்பர்" என்றவர்கள் ஏன் மாறினார்கள்? ஒத்துழைப்பு, கலாச்சாரம் என்று கடிதத்தில் எழுதுவார்கள். அதில் வராத ஒரு எண்ணைச் சொல்கிறேன். டிசிஎஸ்ஸில் வேலையை விட்டுப் போனவர்களின் ஆண்டு விகிதம் 2022 செப்டம்பரில் 21.5 சதவீதம். ஐந்து பேரில் ஒருவர் வெளியே. 2024 மார்ச்சில் அது 12.5 ஆனது. முதலில் சொன்ன காலத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் தொழிலாளி கை ஓங்கியிருந்தது. பிறகு வேலை கிடைப்பது கஷ்டமானது. ஆபீசுக்கு வரச் சொன்ன உத்தரவுகளும் அந்தச் சமயத்தில்தான் வந்தன. இதுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைச் சேர்க்காமல் கதை முழுசாகாது.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் சேர்ந்த ஃப்ரெஷரை நினைத்துப் பாருங்கள். லேப்டாப் கூரியரில் வந்தது. மேனேஜர் முகத்தை ஒரு வருடம் திரையில் மட்டும் பார்த்தார். பக்கத்து சீட் அண்ணனிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீரும் சந்தேகத்தை சாட்டில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் கேட்காமலே விட்டவர்கள் நிறைய. அப்புறம் மூன்லைட்டிங், அதாவது ஒரு கம்பெனியில் இருந்துகொண்டே ரகசியமாக இன்னொரு வேலை பார்ப்பது. 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாகச் சொன்னார். 300 பேர் செய்ததற்கு லட்சக்கணக்கானவர்கள் மீது சந்தேகம் விழுந்தது.

அந்தச் சந்தேகத்தை மைக்ரோசாஃப்ட் அதே மாதம் அளந்து காட்டியது. 11 நாடுகளில் 20,000 பேரிடம் கேட்டார்கள். ஊழியர்களில் 87 சதவீதம் பேர் நாங்கள் நன்றாகத்தான் வேலை செய்கிறோம் என்றார்கள். ஹைபிரிட் முறையால் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது என்றார்கள் மேலதிகாரிகளில் 85 சதவீதம் பேர். ஒரே வேலையைப் பற்றி இப்படி இரண்டு பதில்கள்.

[காட்சி: காலண்டர். புதன், வெள்ளி மட்டும் நிறம் மாறுகிறது.]

யார் சொல்வது சரி என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனத்தில், 2021 ஆகஸ்டில் 1,612 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் இன்ஜினியரிங், மார்க்கெட்டிங், நிதி வேலை பார்த்தவர்கள். யாருக்கு வீட்டு நாள் என்பதைத் தீர்மானித்தது பிறந்த தேதி. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இரட்டைப்படைத் தேதிக்காரர்கள் ஐந்து நாளும் ஆபீஸ். ஜாதகம் பார்த்த மாதிரிதான், ஆனால் பாரபட்சம் நுழைய வழியில்லை.

ஆறு மாதத்தில் ஆபீஸ் குழுவில் 7.2 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், ஹைபிரிட் குழுவில் 4.8. மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதிகம் பலன் பெற்றவர்கள் பெண்களும், தொலைவிலிருந்து வருகிறவர்களும், மேனேஜர் அல்லாதவர்களும். இரண்டு வருடம் வரை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு இதை 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது.

எனக்குப் பிடித்த பகுதி மேனேஜர்கள். சோதனைக்கு முன்னால் ஹைபிரிட்டால் வேலைத் திறன் 2.6 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். முடிந்த பிறகு அதே மேனேஜர்கள், 1 சதவீதம் கூடும் என்றார்கள்.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டு நாளை அவரவர் இஷ்டத்துக்கு விடவில்லை, புதன், வெள்ளி என்று வைத்தார்கள். மற்ற மூன்று நாளும் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். நம் ஊரில் பல இடங்களில் நடப்பது நேர் எதிர். மூன்று நாள் வா என்கிறார்கள், எந்த மூன்று நாள் என்று சொல்வதில்லை. ஒருவர் திங்கள், இன்னொருவர் வியாழன். ஃப்ளோர் முழுக்கக் காலி நாற்காலி, ஏசி மட்டும் ஓடுகிறது. இதற்குக் கடைசியில் கெட்ட பெயர் வாங்குவது ஹைபிரிட் முறைதான்.

என் நண்பர் போன வாரம் மேனேஜரிடம் கேட்டாராம். "சார், நம்ம டீம்ல யாராவது சென்னையில இருக்கிற நாள் எதுன்னு சொன்னா, அன்னைக்கு வந்துடறேன்."

நல்ல கேள்வி, பேசுவோம் என்று பதில் வந்தது. புதன்கிழமை மாலை 4 மணிக்கு, டீம்ஸ் வீடியோ காலில்.