உப்புக் காற்றும் டிங்கரிங் பட்டறையும்

(ஆயுத பூஜையை ஒட்டி ராமநாதபுரத்தில் நடந்த டிங்கரிங், பெயிண்டிங் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த மேஸ்திரி ஐயா அவர்களே, வார்டு வேலை எத்தனையோ இருந்தும் நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, கீழக்கரையிலிருந்து வந்திருக்கும் ஜமாஅத் பெரியவர் அவர்களே, மண்டபம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பங்குத்தந்தை அவர்களே, ஐடிஐயில் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர்களே, மீன் வண்டியும் ஷேர் ஆட்டோவும் உப்பு லாரியும் ஓட்டும் சகோதரர்களே, நசுங்கின வண்டித் தகட்டை நிமிர்த்தும் டிங்கர், அதற்குப் பெயிண்ட் அடிக்கும் பெயிண்டர் தம்பிமார்களே, அவர்களைப் பெற்ற தாய்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

உறுப்பினர் அம்மாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். பட்டறைத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தோம். அம்மா தானே வந்து நின்று, கம்பத்தில் ஆளை ஏற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் போனார். ஜமாஅத் பெரியவர் நாற்காலிக்கும் பந்தலுக்கும் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பங்குத்தந்தை தனியாக வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பையன்களையும் கூட்டிவந்திருக்கிறார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார்கள். நான் பேசப்போவது அவர்களுக்காகத்தான்.

மூன்று செய்திகள் பேச நினைத்து வந்தேன். உப்புக் காற்று நம் தொழிலை என்ன பாடு படுத்துகிறது, இந்தத் தொழிலுக்குள் ஒரு பிள்ளை எந்த வழியில் வர வேண்டும், பேட்டரி வண்டிகள் பெருகும்போது நாம் என்ன செய்யப் போகிறோம்.

'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய் வாய் ஓயாமல் சொன்ன பழமொழி இது. நசுங்கின கதவை ஒரே போடாகப் போட்டால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு அப்புறம் அடங்காது. பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்ட வேண்டும். கடைசியாக விழுந்த நசுங்கல் எதுவோ அதை முதலில் எடுக்க வேண்டும். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் தெரிய வேண்டும். அந்தக் கை வரும்வரை பாய் யாரையும், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி டப்பாவைத் தொட விட்டதில்லை.

நம் மாவட்டத்துக் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இந்தப் பக்கம் ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எங்கே நின்றாலும் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத சித்திரையிலும் ரன்னிங் போர்டுக்கு உள்ளே நசநசவென்று இருப்பது அதனால்தான். மீன் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் அடித்தகட்டில் இறங்குகிறது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டையை மணல் அடைத்துக்கொள்கிறது. மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

இதைப் பேசினால் அந்தக் காந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் பட்டறையில் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒருவர் மீன் ஏற்ற ஒரு பழைய வேன் வாங்கி, மாலை போட்டு, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு, நேராகப் பாயிடம் கொண்டுவந்து நிறுத்தினார். "பாய், வண்டி எப்படி? கண்ணாடி மாதிரி இருக்கு பாத்தீங்களா?" பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றினது. கதவின் அடிப்பக்கத்தில் வைத்தார். காந்தம் தொப்பென்று தரையில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க காந்தத்துல சத்து இல்ல பாய்" என்றார். பாய் சிரிக்கவில்லை. "சரி அப்பு, நீயே புடி, நீயே வையி" என்று அவர் கையில் கொடுத்தார். அவர் மட்கார்டில் வைத்தார், விழுந்தது. பின்கதவில் வைத்தார், விழுந்தது. சின்ன மகன் ஓடி ஓடிக் காந்தத்தைப் பொறுக்கிக் கொடுக்கிறான். வீட்டம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் பாய் அவரை ஸ்டூல் மேல் ஏற்றினார். கூரையில் வைத்தபோது சட்டென்று ஒட்டிக்கொண்டது. "மேல மட்டுந்தான் தகடு இருக்கு. மத்ததெல்லாம் பட்டி. நீ வண்டி வாங்கினியா, பட்டி வாங்கினியா?" என்று கேட்டார் பாய். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் அந்த வேனை முழுசாகப் பிரித்தோம். துரு பிடித்த இடத்தை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்தோம், புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தோம், துத்தநாக பிரைமர் அடித்தோம், உள்பக்கத்துக்கு மெழுகு பாய்ச்சினோம். துருவின் மேல் பட்டி பூசினால் பட்டியே ஈரத்தைக் குடித்து மறுபடி கொப்புளம் கட்டும். எங்கள் வேலையில் நேர்மை என்பது இதுதான்.

அரசாங்கத்துக்கும் இந்த உப்பு தெரியும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 வரை ரயிலைத் தாங்கியது என்றால், விடாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்த தொழிலாளிகளால்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். பாலத்துக்குக் காட்டிய அந்த அக்கறையை, இதே காற்றில் தகட்டோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிள்ளைகள் இன்றைக்கும் இந்தத் தொழிலுக்குள் எப்படி வருகிறார்கள்? படிப்பு ஏறவில்லை என்று அப்பா கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுகிறார். டீ வாங்கி வருவான், வாட்டர் பேப்பரால் தகட்டைத் தேய்ப்பான், கூலி என்று ஒன்றும் கிடையாது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் கழித்தும் கையில் ஒரு தாள் இருக்காது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலையில் வைப்பது குற்றம், 18 வரை ஆபத்தான வேலையில் இறக்கக் கூடாது. சட்டம் தெளிவாக இருக்கிறது. பட்டறை முதலாளிகளே, இதை நாம்தான் முதலில் மதிக்க வேண்டும்.

பார்த்துக் கற்கும் காலம் போய்விட்டது. இப்போது வரும் கார்களில் சில இடங்களில் அதிவலு எஃகு இருக்கிறது. கேஸ் வைத்துச் சுட்டால் அதன் பலமே போய்விடும். ஏர்பேக் சென்சார் இருக்கும் இடம் தெரியாமல் சுத்தியலை எடுக்கக் கூடாது. பெயிண்டைச் சொல்லவே வேண்டாம். கெட்டியாவதற்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். கைக்குட்டை கட்டினால் நிற்காது. சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி வேண்டும். தாய்மார்களே, மகன் பெயிண்டிங் வேலைக்குப் போகிறான் என்றால், சம்பளம் கேட்பதற்கு முன்னால் முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐடிஐ பாடத்திட்டத்தில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, 'ஆட்டோ பாடி பெயிண்டிங்' இன்னொன்று. இரண்டும் ஒரு வருஷப் படிப்புதான். வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பெண் பிள்ளைகளும் வரலாம். பெயிண்டிங்குக்கு வேண்டிய நிதானமான கையும் நிறம் பிரித்துப் பார்க்கும் கண்ணும் அவர்களிடம் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், மீனவக் குடும்பத்துப் பிள்ளை காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரத்தில், பாடி ரிப்பேர், பெயிண்டிங் ஆகிய இரண்டு பிரிவுகளோடும் ஒரு பயிற்சி நிலையம் வேண்டும். துரு வேலைக்கு அங்கே தனிப் பாடம் வேண்டும். ஏற்கெனவே தொழில் தெரிந்த மூத்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் அங்கேயே வேண்டும். ஒரு மனுவில் கிடைக்காது என்று தெரியும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். தெருவிளக்குக்கு நகர்ந்த அம்மி இதற்கும் நகரும்.

பேட்டரி வண்டியைப் பற்றிப் பேசத் தலைவர் நேரம் தரவில்லை. மணியைக் காட்டுகிறார், மதிக்கிறேன். அதை ஆசிரியர் ஐயா பேசுவார்.

மேடைக்கு இடது பக்கம் மேசையில் மனு இருக்கிறது. முதல் கையெழுத்து தான் போடுவதாக உறுப்பினர் அம்மா சொல்லியிருக்கிறார். எழுதத் தெரியாதவர்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். காலை பத்து மணிக்கு வாசலில் கூடுகிறோம், பட்டறைக்கு ஒருவராவது வாருங்கள். கடைசி வரிசைப் பையன்களே, போகும்போது ஐடிஐ ஆசிரியரைப் பார்த்துவிட்டுப் போங்கள், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். வணக்கம்.