நஞ்சறுப்பான் இலைக்குள் என்ன இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வேலியோரங்களில் படரும் நஞ்சறுப்பான் கொடி நம் நாட்டு மருத்துவத்துக்குப் புதியதன்று. இரைப்பு நோய்க்கு அதன் இலையைக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்த இலையிலிருந்து டைலோஃபோரின் என்னும் ஆல்கலாய்டை (நைட்ரஜன் கொண்ட ஒருவகைத் தாவரச் சேர்மம்) 1935ஆம் ஆண்டிலேயே இரத்தினகிரீஸ்வரனும் வெங்கடாசலமும் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் அணுக்கள் எவ்வாறு இணைந்திருக்கின்றன என்பது தெளிவாக ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அதைத் தெளிவாக்கியவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரி.

1915இல் பிறந்த அவர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் செனீசியோ செடிகளின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்துவிட்டுச் சென்னை திரும்பினார். இன்று ஒரு மூலக்கூறின் அமைப்பை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி சில மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. அன்று அந்த வசதி இல்லை. பொருளைப் படிப்படியாகச் சிதைத்து, கிடைத்த துண்டுகள் ஒவ்வொன்றையும் முன்பே அறிந்த சேர்மங்களோடு ஒப்பிட்டு, அவை எவ்வாறு பொருந்தியிருக்கக்கூடும் என்று ஊகிக்க வேண்டும். ஊகம் சரிதானா என்று அறிய, அதே மூலக்கூறை எளிய பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் கட்டியும் காட்ட வேண்டும். டைலோஃபோரினில் இருபத்துநான்கு கார்பன் அணுக்களும் ஒரேயொரு நைட்ரஜன் அணுவும், ஐந்து வளையங்களும் உள்ளன. பினாந்த்ரீன், இண்டோலிசிடின் என்னும் இரு வளையத் தொகுதிகள் ஒன்றோடொன்று இணைந்த அந்தக் கட்டமைப்பைக் கோவிந்தாச்சாரியின் குழு நிறுவியதோடு நில்லாமல், ஆய்வகத்தில் கட்டியும் காட்டியது.

1960ஆம் ஆண்டு வேதியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. விருதைவிட, அதற்குரிய பணி நடந்த இடமே எனக்கு வியப்பளிக்கிறது: பெரிய ஆராய்ச்சி நிறுவனம் எதுவுமன்று, பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடமும் செய்முறையும் நடந்துகொண்டிருந்த ஓர் அரசுக் கல்லூரி. பின்னர் அக்கல்லூரிக்கே அவர் முதல்வராகவும் இருந்தார்.

1960களில் பம்பாயின் கோரேகாவிலிருந்த, சீபா என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பை ஏற்றார். மருந்து நிறுவனத்துக்குப் போனவர் செடிகளை மறந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவர் மறக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் கொடியிலிருந்து, நாப்தலீன், ஐசோகுவினோலின் என்னும் இரு வளையத் தொகுதிகள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்த, அதுவரை யாரும் கண்டிராத வகை ஆல்கலாய்டை அங்கே இனங்கண்டார். பிற்காலத்தில் அதே பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கொடியொன்றிலிருந்து கிடைத்த இவ்வகைச் சேர்மம், எச்.ஐ.வி. கிருமிக்கு எதிராகச் செயல்படுவது ஆய்வகத்தில் தெரியவந்தபோது, இந்தக் குடும்பத்தின்மீது உலகின் கவனம் திரும்பியது.

இறுதிக் காலத்தில் சென்னை ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் அவர் எடுத்துக்கொண்டது வேம்பு. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின், பூச்சிகள் இலையைத் தின்பதைத் தடுக்கும். 1968இல் அது பிரித்தெடுக்கப்பட்டாலும், அதன் அமைப்பு உறுதிப்பட 1985 வரை ஆயிற்று. அதற்கு நெருங்கிய உறவுடைய பல சேர்மங்கள் அதே கொட்டையில் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் தனித்தனியே பிரிப்பது கடினம். கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் வண்ணப்பிரிகைக் கருவியைக் கொண்டு அவற்றைப் பிரித்த கோவிந்தாச்சாரியின் குழு, அசாடிராக்டின் எச், ஐ என்னும் இரண்டு புதிய சேர்மங்களை 1992இல் அறிவித்தது. அப்போது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார்.