என் அம்பாசடரின் மூக்கை அடைத்தது யார்?

வணக்கம். பின்னால் தெரிவது யானைமலை. மதுரை ஒத்தக்கடையில் என் வீட்டு வாசலில் நின்று பேசுகிறேன். பக்கத்தில் மரம் அறுக்கிறார்கள், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்குக் கீழே கிடக்கும் இந்த அட்டையைப் பாருங்கள். நேற்று இரவு விரித்தது. இரண்டே சொட்டு எண்ணெய். 1489 சிசி பழைய அம்பாசடர் என்ஜினுக்கு இரண்டு சொட்டு என்றால் ஒழுகவில்லை என்றுதான் பொருள். மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில் விடிந்தால் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருக்கும். கிளட்ச் வழுக்கியது. ஒரு பட்டறையில் விட்டேன். என்ஜினை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றி, "இனி ஒழுகாது அண்ணே" என்று கொடுத்தார்கள். பதினைந்தே நாள். மறுபடியும் அதே ஒழுகல்.

பிறகுதான் படுத்து உருண்டு நானே பார்த்தேன். கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். என்ஜின் பக்கவாட்டு மூடியான டேப்பட் கவரிலிருந்து கீழே இறங்கும் இந்த இரும்புக் குழாய் தெரிகிறதா? இதுதான் பிரீதர். வண்டியின் மூக்கு.

என்ஜினுக்கு மூக்கு எதற்கு? பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது என்ஜினின் அடிப்பெட்டிக்குள், கசியும். நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்களே, அதுதான். அதில் எரியாத பெட்ரோல் இருக்கும், நீராவியும் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கீழே கசிவது எண்ணெயில் கலந்து, நாளடைவில் கறுப்புக் களியாகிவிடும். வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தமும் ஏறும்.

பழைய வண்டிகளில் இதற்கு வைத்த வழி எளிமையானது. குழாயின் கீழ் முனையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த வாயில் லேசான உறிஞ்சலை உண்டாக்கி, உள்ளே இருக்கும் புகையை இழுத்துப் போட்டுவிடும். மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஏர் கிளீனருக்குப் போகிறது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை. ஒரே குறை, வண்டி ஓட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே போனால் உறிஞ்சல் பெயருக்குத்தான். திருமங்கலம் சாலையில் இந்தக் குழாய் நன்றாக வேலை செய்யும். மேலமாசி வீதியில் மாலை ஆறு மணிக்கு? வாய்ப்பே இல்லை.

இப்போது இதைப் பாருங்கள். கழற்றிய குழாயிலிருந்து ஸ்குரூடிரைவரால் நோண்டி எடுத்தது. மண் உருண்டை. குளவிக்கூடு! ஒழுகல் தொடங்குமுன் நான்கு மாதம் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு குளவி என் என்ஜினின் மூக்குக்குள் குடும்பம் நடத்தியிருக்கிறது. மிச்ச இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துவிட்டது.

இந்த மூன்று பேரிங் என்ஜினில் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் திருகு மரைபோல வரி வெட்டியிருக்கிறார்கள். சுற்றும்போது அது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும். உள்ளே அழுத்தம் கூடினால் அந்த வரியால் தாக்குப்பிடிக்க முடியாது, எண்ணெய் கிளட்சுக்குப் போய் அதை வழுக்கவைத்துவிடும். குழாயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன், ஒழுகல் நின்றது. கிளட்ச் பிளேட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

"பி.சி.வி. வால்வு போடலாமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது புகையைச் சாலையில் விடாமல் என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் இன்லெட் மேனிஃபோல்டுக்கே அனுப்பி மறுபடி எரிக்கும் முறை. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பிலேயே அப்படி ஒரு வால்வு உண்டு. தண்ணீரில் இறங்கும் ராணுவ வண்டிக்குக் கீழே திறந்த குழாய் ஆகாதே! கார்களுக்கு அது பரவலாக வந்தது கலிஃபோர்னியாவில், 1961 மாடல்களிலிருந்து, நகரப் புகையைக் குறைப்பதற்காக. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சின்ன முளையும்தான். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, மேனிஃபோல்டின் இழுப்பு அதிகம், முளை நகர்ந்து வழியைக் குறுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுப்பு குறையும், வழி அகலும். கார்புரேட்டரில் பின்வெடிப்பு வந்தால் முற்றாக மூடி, தீ கிராங்க் கேஸுக்குள் போகாமல் காக்கும்.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் போடலாம், கார்புரேட்டரையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். வால்வு இல்லாமல் வெறும் குழாயை மேனிஃபோல்டில் சொருகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஐடில் கெடும், தீயைத் தடுக்கவும் எதுவும் இருக்காது. நான் என் வண்டியைப் பழையபடியே விட்டுவிட்டேன்.

முனையில் வலை கட்டச் சொன்னார்கள். வலையிலும் பிசுக்குத்தான் அடையும். அதனால் வண்டியை நிறுத்திவைக்கும் நாட்களில் குழாய் வாயில் துணியை அடைத்துவிடுகிறேன். ஸ்டார்ட் செய்யுமுன் உருவ மறக்கக் கூடாதே, அதற்குத்தான் சாவியில் தொங்கும் இந்தச் சிவப்பு ரிப்பன்.